காரணமற்ற மூன்று அடிகள்

வேல்ஸ் நாட்டு லின் அ வான் வாக் ஏரிக் கதை 1861இல் அச்சேறியது. ஏரியினின்று எழுந்த நீரரமகள், "காரணமின்றி மூன்றுமுறை அடிப்பின் பிரிவேன்" என்று கூறி உழவனை மணந்தாள். ஞானமுழுக்கு விழாவுக்குச் செல்லத் தயங்கினாள், திருமணத்தில் அழுதாள், இழவு வீட்டில் சிரித்தாள். மும்முறையும் அவன் கை பட்டது. அவள் ஏரி புகுந்தாள்.

மெல்லத் தட்டியதற்கா இத்துணைத் தண்டனை? மணமக்களுக்குத் துன்பம் தொடங்கிற்றென்று அழுதாள். இறந்தார்க்கு அது தீர்ந்ததென்று சிரித்தாள். கை முந்திற்று, கேள்வி பிந்திற்று, அதுவே பிழை. ஆயினும், மைந்தர்க்கு மருத்துவம் கற்பிக்க அத்தாய் மீண்டும் வந்தாள். மித்வை ஊர் மருத்துவர் மரபு அவ்வாறு தோன்றியதென்பது கதை.

காரணம் கேளாமல் பிரம்பெடுத்த நாள்கள் எனக்கும் உண்டு. ஆசிரிய நண்பர்களே, இக்கதையை மாணவர்க்குச் சொல்லுமுன் நாம் ஒருமுறை படித்தல் நன்று.