டிராக்குலாவும் நம் காட்டேரியும்

‘வேம்பயர்’ என்னும் சொல்லை ‘இரத்தக் காட்டேரி’ என்று தமிழாக்கி வழங்குகிறோம். இது பொருந்துமா என்று பார்ப்பது தமிழாசிரியர் கடனாகும்.

‘டிராக்குலா’ நாவலைப் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்டார். அவர் டிரான்சில்வேனியாவைக் கண்ணாற் கண்டவரல்லர். எமிலி ஜெரார்டு அம்மையார் 1885-இல் எழுதிய கட்டுரை முதலியவற்றைப் படித்தே அந்நாட்டைப் புனைந்தார். ரூமேனியக் குடியானவர் அஞ்சிய ‘ஸ்டிரிகோய்’ கோட்டைப் பிரபு அன்று, இறந்துபோன சொந்தக்காரன். கல்லறையினின்று எழுந்தால் தன் வீட்டாரையே முதலில் நாடுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. 2004-இல்கூட அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், உறவுப் பெண்ணின் நோய்க்கு இறந்தவரே காரணமென்று கருதிய குடும்பத்தார், அவர் உடலைத் தோண்டி இதயத்தை எரித்தனர். சாம்பலை நீரிற் கலந்து பருகினர்.

இத்தகைய அச்சத்தை அறிய நாம் ரூமேனியா வரை செல்ல வேண்டியதில்லை. மலாய்க்காரர் கூறும் ‘லாங்சுயர்’ பிள்ளைப்பேற்றில் இறந்த தாயே. அவள் எழாதிருக்கப் பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளும், அக்குள்களில் முட்டைகளும், உள்ளங்கைகளில் ஊசிகளும் வைப்பர் என்று ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட ‘மலாய் மாந்திரிகம்’ என்னும் நூலிற் குறித்துள்ளார். நம் ரப்பர்த் தோட்டத்து லயங்களிலும், கருவுற்ற பெண் அந்தியில் ஆற்றோரம் போகலாகாது, காட்டேரி தீண்டும் என்பார்கள். என் பாட்டியும் அவ்வாறே சொல்லுவார். ஆனால், அவளுக்குப் படையலிட்டு, தாயையும் சேயையும் காக்குமாறு வேண்டுவதும் உண்டு. வெறும் இரத்தவெறி கொண்ட பேய்க்கு எவரும் படையலிட்டு வேண்டுவாரா?

ஸ்டோக்கர் செய்த மாற்றம் இங்கே புலனாகும். இறந்த உறவினனை நீக்கி, லண்டனுக்குக் கப்பலேறி வரும் அயலானை வைத்தார். உறவு போயிற்று, அதனோடு துயரமும் பெரும்பாலும் போயிற்று. எனினும் ஓரிடத்தில் பழைய வேர் தலைகாட்டுகிறது. இறந்து மீண்ட லூசியின் நெஞ்சில், அவளை மணக்கவிருந்த ஆர்தரே முளையடிக்கிறான். நாவலில் நம்மை உலுக்கும் பகுதி அதுவே. அங்கே அச்சத்துள் அன்பும் கிடந்து துடிக்கிறது.

ஆகவே, டிராக்குலாவை ‘இரத்தம் உறிஞ்சும் பேய்’ என்றால் போதும். காட்டேரி என்ற பெயரை அவனுக்கு ஈந்தால், பிள்ளைப்பேற்றில் மகளை இழப்போமோ என்று நம் முன்னோர் பட்ட அச்சத்தையும் அவளைக் காக்க வேண்டி நின்ற வழிபாட்டையும் நாமே மறைத்தவர்களாவோம். வகுப்பில் பேய்க்கதை படிக்கும் மாணவனிடம், “பேய் உண்டா?” என்று கேட்பதோடு நில்லாது, “இறந்தவர் யார்? அவருக்காக அழுதவர் யார்?” என்றும் கேட்போமாக.