படகுப் பத்திரிகை சொன்னா நம்பலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் படகு கிடையாது. வாங்கும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் சில மாதங்களாக அமெரிக்க, பிரிட்டிஷ் பாய்மரப் படகு இதழ்களில் வரும் கருவி விமர்சனங்களைத் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் எளிது. மிக்ஸியைப் பற்றி ஒருத்தர் தப்பா எழுதினா சட்னி கொஞ்சம் திப்பிதிப்பியா வரும், அவ்வளவுதான். நங்கூரத்தைப் பற்றித் தப்பா எழுதினா, ராத்திரி 2 மணிக்குக் காற்று திரும்பும்போது, உள்ளே குடும்பம் தூங்கிக்கொண்டிருக்க, படகு பாறையை நோக்கி நகரும். விமர்சனம் என்கிற வேலை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் காசுக் கணக்கு. இந்த இதழ்களுக்கு விளம்பரம் தருபவர்கள் யார்? படகு கட்டுபவர்கள், பாய் தைப்பவர்கள், நங்கூரமும் ரேடாரும் உயிர்காப்பு ஜாக்கெட்டும் விற்பவர்கள். அதாவது யாரை விமர்சிக்க வேண்டுமோ அவர்கள்தான் அடுப்பு எரிய வைப்பவர்களும். பொதுவான வார இதழுக்குச் சோப்பு, நகைக்கடை, வங்கி என்று எத்தனையோ வாசல் உண்டு. படகு இதழுக்கு அந்த வசதி குறைவு. சந்தை சின்னது, முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள்.

உடனே "காசு வாங்கிட்டு எழுதறாங்க" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நான் படித்தவரை அப்பட்டமான பொய் அரிது. நடப்பது அதைவிட நாசூக்கானது. புதுப் படகு ஒன்றை நிறுவனமே தருகிறது. நல்ல வெயில் நாளில், நிறுவனத்தின் ஆளையும் ஏற்றிக்கொண்டு, சில மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். குறை கண்ணில் பட்டாலும், அடுத்த வருடம் அதே ஆளிடம்தான் அடுத்த படகுக்குப் போய் நிற்க வேண்டும். எனவே குறை காணாமல் போவதில்லை, உடை மாற்றிக்கொள்கிறது. மெதுவாகப் போகும் படகு "குடும்பத்துக்கு ஏற்ற நிதானமான படகு" ஆகிறது. கட்டுக்கு அடங்காத படகு "அனுபவசாலிகளுக்கு உற்சாகம் தரும்" படகு ஆகிறது. தொடர்ந்து படித்தால் இந்தப் பாஷை பிடிபட்டுவிடும். பிடிபடாதது ஒன்றுதான்: மௌனம். ரொம்ப மோசமான பொருளைப் பற்றி எழுதாமலே விட்டுவிட்டால், நமக்கு எப்படித் தெரியும்?

இதற்கு மாற்று மருந்து பழையது. அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய நுகர்வோர் சங்கம், இன்றைய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், விளம்பரமே வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டது. படகு உலகில் அதே வழியில் 1974 முதல் வருவது பிராக்டிகல் செய்லர். விளம்பரம் இல்லை, வாசகர் சந்தாதான். அதில் ஒரு பொருளை மோசம் என்றால் மோசம் என்றே எழுத முடிகிறது.

அப்படின்னா விளம்பரம் வாங்காத இதழை நம்பலாம், வாங்குவதைத் தள்ளிவிடலாம் என்று விஷயம் முடிந்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நங்கூரங்களின் கதை என்னை மாற்றியது.

2006-ல் செய்ல் என்ற அமெரிக்க இதழும் யாட்டிங் மந்த்லி என்ற பிரிட்டிஷ் இதழும், வெஸ்ட் மரைன் என்ற கடைச் சங்கிலியோடு சேர்ந்து கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடலில் 14 நங்கூரங்களைச் சோதித்தன. இரண்டு இதழ்களும் விளம்பரம் வாங்குபவை. கூட வந்ததோ நங்கூரம் விற்கும் கடை. சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர்கள் செய்தது சுத்தமான வேலை. நங்கூரத்தைப் போட்டு, படகால் இழுத்து, எத்தனை விசையில் பிடி விடுகிறது என்று கருவி வைத்து அளந்து, எண்களை அச்சிட்டார்கள். சி.க்யூ.ஆர். என்ற கலப்பை வடிவ நங்கூரம் அதில் பின்வரிசைக்குப் போனது. 1933-ல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் கடல் விமானங்களுக்காக வடிவமைத்தது அது. பல பத்தாண்டுகள் நீண்ட பயணம் போகிறவர்களின் படகு முகப்பில் தொங்கிய, தாத்தா காலத்துப் பெயர். அதைவிடப் புதிய ரோக்னா, ஸ்பேட், மேன்சன் சுப்ரீம் எல்லாம் முன்னால் வந்தன. ஆக, விளம்பரம் வாங்கும் இதழும் நல்ல சோதனை செய்யும். எண்ணைத் திறந்து வைத்தால் ஆளைப் பற்றிய சந்தேகம் பாதி குறைந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு அடுத்த கதை. 2014-ல் ஃபோர்ட்ரஸ் என்ற நங்கூர நிறுவனம் தானே செலவு செய்து, செசபீக் விரிகுடாவில் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஒரு சோதனை நடத்தியது. அளவீடு, சாட்சி எல்லாம் முறைப்படி. ஜெயித்தது யார்? ஃபோர்ட்ரஸ். அதுவும் பெரிய வித்தியாசத்தில். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, எண்கள் உண்மைதான். ஆனால் சோதனை நடந்த தரை குழகுழவென்ற சேறு. ஃபோர்ட்ரஸ் நங்கூரத்தின் அகன்ற அலகுகளைச் சேற்றுக்கென்றே 45 டிகிரிக்குத் திருப்பி மாட்ட முடியும். சேறு அதன் சொந்த ஊர்! அங்கே போய்ப் போட்டி வைத்தால் வேறு யார் ஜெயிப்பார்கள்? உங்கள் படகு நிற்கப்போவது சேற்றில் என்றால் இது தங்கமான தகவல். கடல்புல் மண்டிய தரை என்றால் இதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

எனக்கு இங்கேதான் பொறி தட்டியது. காசு கொடுப்பவர் பதிலை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் போதும். பதில் தானாக அவர் பக்கம் வந்து நிற்கும்.

சரி, கேள்வியும் நேர்மை, பதிலும் நேர்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்பவும் ஒரு ஓட்டை. 2006 சோதனையில் முன்னணியில் வந்த ரோக்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்துக்காரர் பீட்டர் ஸ்மித்தின் வடிவமைப்பு. பிற்பாடு தயாரிப்பு சீனாவுக்குப் போனது. அங்கே செய்த நங்கூரங்களில் ஒரு பகுதியின் தண்டு, வடிவமைப்பாளர் குறித்திருந்த எஃகால் ஆனது அல்ல, அதைவிட வலிமை குறைந்த எஃகால் ஆனது என்று 2011 வாக்கில் வெளிவந்தது. காற்று திசை மாறிப் படகு பக்கவாட்டில் இழுக்கும்போது வளையக்கூடியது தண்டுதான். அதே வருடம் தயாரிப்பு உரிமை கனடாவின் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆகவே இன்று விற்பதைப் பற்றிய பேச்சு இல்லை இது. இடையில் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் படித்த விமர்சனம் உண்மையானது. வாங்கிய பொருளின் பெயரும் வடிவமும் அதேதான். விமர்சகர் கையில் இருந்த பொருள் மட்டும் வேறு. விமர்சனத்துக்குத் தேதி உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கடைசிக் கதை கொஞ்சம் கனமானது. 2017 நவம்பரில் கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டியின் படகு ஒன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்தளத்தில் பாயைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் கடலுக்குள் விழுந்தார். அவர் பாதுகாப்பு வார் அணிந்திருந்தார், அதன் கொக்கி படகில் மாட்டியும் இருந்தது. ஆனால் அந்தக் கொக்கி, கயிறு கட்டும் உலோகக் கட்டை ஒன்றின் அடியில் சிக்கி, பக்கவாட்டு இழுப்பில் நெளிந்து திறந்துகொண்டது. அவர் இறந்துபோனார். விசாரித்த பிரிட்டிஷ் கடல் விபத்து அமைப்பு 2018 ஜனவரியில் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்தால் வயிறு கலங்கும். அந்த வார் சர்வதேசத் தரச் சான்று பெற்றது. அப்போதைய தரச் சோதனை கொக்கியை நீளவாக்கில்தான் இழுத்துப் பார்த்தது. பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

இதை எந்தப் பத்திரிகை விமர்சனம் பிடித்திருக்கும்? கொக்கியை ஒரு கையால் திறக்க முடிகிறதா, ஈரக் கையுறையோடு மாட்ட முடிகிறதா, விலை என்ன என்று பார்த்திருப்பார்கள். எல்லாமே தேவையான கேள்விகள். கேட்கப்படாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு யாருடைய விளம்பரமும் காரணமில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆக, நம்பலாமா? என் பதில்: விமர்சனத்தை நம்பலாம், தீர்ப்பை நம்ப வேண்டாம். "5-க்கு 4 நட்சத்திரம்" என்பது தீர்ப்பு. "இந்தத் தரையில், இவ்வளவு கயிறு விட்டு, இத்தனை முறை போட்டதில் இத்தனை முறை பிடித்தது" என்பது தகவல். முதலாவதை நம்ப எழுதியவரை நம்ப வேண்டும். இரண்டாவதில் அந்தச் சங்கடம் குறைவு, ஏனென்றால் இன்னொருவர் செய்து பார்த்துப் பொய் என்று சொல்ல முடியும்.

இப்போதெல்லாம் எந்த விமர்சனத்தைப் படித்தாலும், அது செல்போனாக இருந்தாலும் சரி, நான்கு விஷயம் தேடுகிறேன். பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்களா, நிறுவனம் அனுப்பியதா? எத்தனை பொருள், எத்தனை நாள்? சோதனைக் களத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? தோற்றவர்களின் பெயரும் எண்ணும் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். எல்லோரும் ஜெயிக்கிற போட்டி போட்டியே இல்லைங்க.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். எத்தனை நட்சத்திரம் வாங்கிய நங்கூரமாக இருந்தாலும், போட்டதும் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, பிடித்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விவரம் தெரிந்த மாலுமி தூங்கப் போவார். விமர்சனம் கடைவரைக்கும் கூட வரும். அதற்கு அப்புறம் இழுத்துப் பார்க்க வேண்டியது நாம்தான்.