சதுக்கம் யாருடையது?

பாரசீகத்தின் இஸ்பகான் நகரிலே, முதலாம் ஷா அப்பாஸ் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த பெருஞ் சதுக்கம் ஒன்றுண்டு. நீளம் 560 மீற்றர். அகலம் 160 மீற்றர். இரு பள்ளிவாசல்கள், அரண்மனை வாயில், கடைத்தெரு வாயில் என வழிபாடும் ஆட்சியும் வாணிபமும் ஒரே முற்றத்தை நோக்கி நிற்கின்றன. நீல ஓடுகளைக் கண்டு மயங்குவோர் பலர். ஷேக் லுத்புல்லா பள்ளிவாசலின் உட்சுவரிலே முகம்மது ரிஸா என்னும் சிற்பி பொறித்த தன் பெயரைத் தேடிப் படிப்போர் சிலரே.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து கண்டி நகர் செல்லும் நாமும் அத்தகைய முற்றமொன்றை அறிவோம். தலதா மாளிகையும் எண்கோணப் பத்திரிப்புவவும் மகுல் மடுவவும் தேவாலயங்களும் வாவியும் சூழ்ந்த மகா மலுவ அது. அதைப் புகழ்ந்து எழுதுவோர், "அரசன் கட்டினான்" என்பதோடு பேனாவை மூடிவிடுகின்றனர். எமது மறுப்பு இங்கேதான் தொடங்குகின்றது.

வயலாய்க் கிடந்த நிலம் 1812இல் வாவியானது. ஆணையிட்டவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வகுத்தவன் தேவேந்திர மூலாசாரி என்பர். மண் சுமந்தோர் இராஜகாரியம் என்னும் கூலியற்ற கட்டாய ஊழியத்தில் அகப்பட்ட குடிகள். அவர்களுள் ஒருவர் பெயரும் எக்கல்லிலும் இல்லை. அவ்வூழியம் ஒழிந்தது 1832இலேயே.

1739 முதல் 1815 வரை ஆண்ட நால்வரும் மதுரை நாயக்கர் உறவினர் என்று பெருமை கொள்ளும் தமிழரும் நம்மிடையே உண்டு. குடிகளின் முதுகில் ஏறியிருந்த அரசு எம்மொழி பேசினாலென்ன? அவ்வரசை வீழ்த்திய பிரதானிகளோ, 1815 மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவவிலே நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். குடிகளை எவரும் கேட்கவில்லை.

இம்முற்றம் ஓரினத்தின் தனிச்சொத்து என்போருக்கு அதன் கற்களே விடை கூறும். 14ஆம் நூற்றாண்டு நாத தேவாலயத்தில் தென்னிந்தியக் கட்டடப் பாணி தெரிகின்றது. பத்தினி தேவாலயத்தில் சிங்கள மக்கள் வணங்கும் தெய்வம் நம் கண்ணகியே. கல்லுக்கும் தெய்வத்துக்கும் கிடைத்த இடம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. கோப்பிக் காட்டுக்கென மாத்தளைப் பாதையில் நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரின் சந்ததியை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை முற்றாகத் தீரவில்லை.

மாணவரை மகா மலுவவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்காள்! அரசர் பெயர்களை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றுவிடாதீர். வாவிக்கரையில் அவர்களை நிறுத்தி, இந்த மண்ணை அள்ளியவர் யாவர் என்று கேளுங்கள். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து விடை தேடவேண்டிய வினா அது.