கேள்வித்தாளுக்குத் திறக்கும் கதவுகள்

2020 ஜூலை. கொரோனா ஊரடங்கின் நான்காவது மாதம். மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் பகுதிகள் அடங்கிய மூன்று வார்டுகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் கேட்டார்கள். தொற்று வந்துபோனவர் உடம்பில் எதிர்ப்பொருள் தடயமாக மிஞ்சியிருக்கும், அதைத் தேடுவதுதான் நோக்கம். மாநகராட்சியும் நிதி ஆயோகும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 8,870 பேரிடம் எடுக்க நினைத்தார்கள், 6,936 பேரிடம் கிடைத்தது. அந்த மாதக் கடைசியில் வந்த முடிவு நகரத்தைத் திடுக்கிட வைத்தது. குடிசைப் பகுதிகளில் 100-க்கு 57 பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அதே வார்டுகளின் கட்டடக் குடியிருப்புகளிலோ 16 பேருக்குத்தான். பின்னால் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் கட்டுரை வந்தபோது 57 என்பது 54 ஆனது, 16 மாறவில்லை.

ஒரே வார்டு, ஒரே ரயில் நிலையம், ஒரே காய்கறிச் சந்தை. நடுவில் ஒரு மதில். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நோய் வேறு வேறாகப் பரவியதை, அதுவரை வெளிவந்த தொற்று எண்ணிக்கை எதுவும் காட்டவில்லை. சோதனைக்கு வந்தவர்களை மட்டுமே அந்த எண்ணிக்கை அறியும். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவரிடம் இடைவெளி விடச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த ஆய்வு கணக்கோடு பதில் சொன்னது. ஆராய்ச்சி செய்யக்கூடிய பெரிய நன்மை இது. கண்ணுக்கு முன்னால் இருந்தும் அரசின் காகிதத்தில் ஏறாத ஒன்றை அது ஏற்றிக் காட்டுகிறது.

அதே ஆய்வில் இன்னொரு விவரமும் இருக்கிறது. இதழில் வந்த கணக்குப்படி ரத்தம் கொடுத்தவர்களில் குடிசைவாசிகள் 4,202 பேர், கட்டடவாசிகள் 2,702 பேர். கட்டடத்துச் சொசைட்டி வாசலில் காவலாளி இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், அவர்கள் அனுமதிக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையின் கதவோ நேரே சந்தில் திறக்கிறது. பகலில் அதைச் சாத்தினால் காற்று வராது. மறுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதையும் அந்த ஆய்வு தன்னை அறியாமலே அளந்துவிட்டது. மும்பையின் ஏழை வட்டாரங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி முழுவதையும் இந்தக் கதவிலிருந்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

தாராவி அந்த மாதிரிக் கணக்கில் இல்லை. மாட்டுங்காவும் சயானும் எஃப் வடக்கு வார்டு. ரயில் பாதைக்கு மறுபக்கம் இருக்கும் தாராவி, ஜி வடக்கு வார்டு. அங்கே 2020 ஏப்ரல் 1-ல் முதல் தொற்று தெரிந்தது. ஜூலையில் புதிய தொற்றுகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கின. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே பெயர் சொல்லிப் பாராட்டினார். வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்ததும், பள்ளிகளிலும் மண்டபங்களிலும் ஆட்களைத் தனியே வைத்ததும்தான் காரணம் என்றது மாநகராட்சி. ஏற்கெனவே பாதிப்பேருக்கு வந்துபோய்விட்டது, அதனால்தான் தணிந்தது என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் சேர்ந்தும் இருந்திருக்கலாம். ஆனால் பாதைக்கு அந்தப் பக்கம் எடுத்த எண்ணை இந்தப் பக்கத்துக்குச் சான்றாகக் காட்ட எந்த ஆய்வு விதியும் இடம் தராது. குடிசை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் இருந்தால் மட்டுமே அது முடியும்.

தாராவி ஒன்றல்ல. கும்பர்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள், கோலிவாடாவில் நகரம் உருவாகும் முன்பே இருந்த மீனவர்கள், தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள், தொண்ணூறடிச் சாலையின் சந்துகளில் விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்பவர்கள். இத்தனை தொழிலையும் ஒரே கூடையில் போட்டு, ஆண்டு வரவுசெலவு 50 கோடி டாலர் என்கிறது ஒரு கட்டுரை, 100 கோடி டாலர் என்கிறது இன்னொன்று. ரசீது இல்லாத, கூலியும் லாபமும் ஒரே டப்பாவில் கிடக்கும் தொழிலை எப்படிக் கூட்டினார்கள் என்பதை இந்த எண்ணைத் திருப்பிச் சொல்பவர்கள் கேட்பதே இல்லை. மக்கள்தொகையின் கதையும் இப்படித்தான். 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை எதை வேண்டுமானாலும் அச்சில் காணலாம்.

எண்ணிக்கை இங்கே வெறும் அறிவு விஷயம் இல்லை. 1976 ஜனவரி 4-ல் மகாராஷ்டிர அரசு மும்பையின் குடிசைகளை ஒரே நாளில் கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கிடைத்தது. இன்றும் மும்பைத் தமிழர் பேச்சில் அதற்கு ‘போட்டோ பாஸ்’ என்றுதான் பெயர். அது இருந்தால் இடித்தாலும் மாற்றிடம் கேட்கலாம், இல்லாவிட்டால் வழியில்லை. அதே ஆண்டு, எமர்ஜென்சியின் நடுவில், மான்குர்டில் இருந்த ஜனதா காலனி அணு ஆராய்ச்சி மையத்துக்காகக் காலி செய்யப்பட்டது. அங்கிருந்தவர்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வெளியேற்றத்தை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்து, பதின்ம வயதில் மும்பைக்கு வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம்.

அரசு எண்ணிப் போனால் இழப்பு நமக்கு, நாமே எண்ணினால் பேரம் பேசலாம் என்று கண்டுகொண்டவர் அவர். அவர் நிறுவிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு 1984-ல் தோன்றிய ஸ்பார்க் அமைப்போடு கைகோத்தது. அதற்கு அடுத்த ஆண்டே மும்பை நடைபாதைவாசிகளைப் பற்றி ஸ்பார்க் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. சுமார் 6,000 குடும்பங்கள் அதில் இருந்தன. நடைபாதையில் கிடப்பவர்கள் வேலையற்றவர்கள், நேற்று வந்தவர்கள் என்ற பேச்சை அந்தக் கணக்கு உடைத்தது. 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கி, அதில் ஒரு பகுதி தாராவிக்கு என்றானபோது, அங்கே எத்தனை பேர் என்ற கேள்வி எழுந்தது. 1986-ல் கூட்டமைப்பு தானே தெருத்தெருவாக எண்ணி 5,30,225 பேர் என்றது. அரசின் மதிப்பீடு இதைவிட வெகுவாகக் குறைவு. எண்ணியவர்கள் பட்டப்படிப்பு படித்தவர்கள் அல்லர். ஆனால் எந்தத் தட்டிக்குப் பின்னால் இரண்டு அடுப்பு எரிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மேலேறும் ஏணியைச் சுருட்டி வைத்திருக்கும் பரண் வீட்டை வெளியாள் ஒரு குடும்பம் என்று எழுதுவார், பக்கத்து வீட்டுக்காரி அப்படி எழுதமாட்டாள்.

இதிலும் குறை உண்டு. தன்னை எண்ணுபவர் கூட்டி எண்ண வாய்ப்பிருக்கிறது. தலைவருக்கு வேண்டாதவர் பட்டியலில் விடுபடலாம், வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரர் மறைக்கலாம். இவற்றுக்கு எதிராகக் கூட்டமைப்பு வைத்திருந்த வழி, பட்டியலைத் திரும்பவும் தெருவுக்கே கொண்டுபோய்ச் சரிபார்ப்பது. பல்கலைக்கழக ஆய்வு பெரும்பாலும் தவறவிடும் படி அதுதான்.

கல்வித் துறைக்கு வந்தால், மும்பையில் பிறந்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. 1995-ல் இந்நகரில் தொடங்கிய பிரதம் அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப் பாடம் சொல்ல அதே வட்டாரத்து இளம்பெண்களை அமர்த்தியது. பால்சகி என்று அவர்களுக்குப் பெயர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் மும்பையிலும் வடோதராவிலும் இதை ஆராய்ந்தார்கள். குலுக்கல் முறையில் சில பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பால்சகி, மற்றவற்றில் வேறொரு வகுப்புக்கு. மதிப்பெண் உண்மையிலேயே ஏறியது. கட்டுரை 2007-ல் வந்தது. 2019-ல் இருவருக்கும், மைக்கேல் கிரெமரோடு சேர்த்து, பொருளியல் நோபல் கிடைத்தது. வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்ற எளிய உண்மையை நிரூபித்துக் காட்டியது இந்த ஆய்வின் சாதனை, அதில் ஐயமில்லை.

உறுத்துவது வேறு. இந்தத் திட்டத்தின் பெருமையாக ஆய்வு முன்வைப்பது அதன் மலிவு. ஏன் மலிவு? பால்சகிக்கு மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய். பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தசம புள்ளி வரை அளந்த ஆய்வில் அந்தப் பெண் செலவுக் கணக்கில் வருகிறாள், பயன் கணக்கில் வருவதில்லை. சொல்லிக்கொடுத்து முடித்த பிறகு அவள் என்ன ஆனாள் என்பதும் கல்வி ஆராய்ச்சிதானே. குலுக்கல் சோதனை கேட்ட கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லும். கேட்கப்படாத கேள்வி அதன் கண்ணில் படாது.

இன்னொரு குலுக்கல் சோதனை தோற்றுப்போனதாலேயே மதிப்புக்குரியது. சயான் மருத்துவமனையில் பச்சிளம் குழந்தை மருத்துவராக இருந்த ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் முன்னின்று 1999-ல் தொடங்கிய அமைப்பு ஸ்நேஹா. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்களைக் குழுவாகக் கூட்டிப் பேசவைத்ததில் பச்சிளம் குழந்தை மரணம் கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்தது என்று 2004-ல் ஓர் ஆய்வு வந்திருந்தது. மும்பையிலும் அது பலிக்குமா என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியோடு சேர்ந்து ஸ்நேஹா சோதித்தது. 48 குடிசைப் பகுதிகள். பாதியில் குழுக்கள், பாதியில் இல்லை. மூன்று ஆண்டு, 18,000-க்கும் மேற்பட்ட பிறப்புகள். முடிவு 2012-ல் வந்தது: குழு இருந்த இடத்தில் நிலைமை மேம்பட்டதாகத் தெரியவில்லை.

அதை அப்படியே அச்சிட்டார்கள். நிதி கொடுத்தவர் முகம் சுளிப்பாரே என்று மூடி வைக்கவில்லை. நேபாள மலைக் கிராமத்தில் மருத்துவமனை பல மணி நேரத் தொலைவு. மும்பையில் பெரும்பாலான பிரசவங்கள் ஏற்கெனவே மருத்துவமனையில்தான் நடக்கின்றன. குறை அங்கே படுக்கையிலும் கவனிப்பிலும் இருந்தால், குழுவில் பேசி அதைச் சரிசெய்ய முடியாது. வேலைக்கு ஓடும், வாடகை ஏறினால் வீடு மாறும், நாலு மொழி பேசும் சந்துகளைக் கிராமமாக எண்ணியதும் பிசகு. இந்தப் படிப்பினை வெற்றிக் கட்டுரை எதிலும் கிடைத்திருக்காது. ஸ்நேஹா பின்னர் தாராவிவாசிகளோடு சேர்ந்து உடல்நலத்தையும் வன்முறையையும் பற்றிய கலைப்பொருட்களை உருவாக்கி, 2015-ல் தாராவியிலேயே கண்காட்சியாக வைத்தது. கேட்டு வாங்கியதைக் கொடுத்தவர்கள் தெருவிலேயே காட்டிய அரிய முயற்சி அது.

இலக்கியம் இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது? ஓவன் லிஞ்ச் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தாராவி ஆதிதிராவிடர்களின் அரசியல் எழுச்சி பற்றி 1974-ல் ஆங்கில ஆய்விதழில் எழுதினார். கல்பனா சர்மாவின் தாராவி நூல் 2000-ல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் ஒரு பத்திரிகையாளர், பல பேராசிரியர்களைவிடப் பொறுமையாக ஆட்களின் வாய்மொழியைக் கேட்டிருக்கிறார். தமிழ் வழியாக இந்நகரை அறியப் புனைகதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யில் வேலை தேடி வந்த பட்டதாரி இளைஞனின் தனிமை எந்தப் புலம்பெயர்வு அட்டவணையிலும் ஏறாத ஒன்று. அம்பையோ இரண்டு கரையிலும் நிற்பவர். கதைகளைத் தமிழில் எழுதுகிறார், தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றிய ஆய்வு நூலை 1984-ல் ஆங்கிலத்தில் எழுதினார். 1988-ல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தை நிறுவி, பெண்களின் குரலையும் படத்தையும் கடிதத்தையும் பல மொழிகளில் சேர்த்து வைத்தார். கேள்வித்தாளில் ‘மற்றவை’ என்ற கட்டத்துக்குள் தள்ளப்படுவது அங்கே முழு வாழ்க்கையாகக் கிடைக்கிறது.

மும்பையில் பிறந்த தமிழரான மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, ஆராய்ச்சி செய்வதே ஓர் உரிமை என்று 2006-ல் வாதிட்டார். தன்னைச் சுற்றியுள்ளதை முறையாகக் கேட்டறியும் திறன் பட்டம் பெற்றவருக்கு மட்டும் உரியதல்ல என்பது அவர் கட்சி. அவர் தொடக்கிவைத்த ‘புகார்’ என்ற அமைப்பு, குடிசைப் பகுதி இளைஞர்களைக் குழுவாகச் சேர்த்து, தாங்களே தலைப்பைத் தேர்ந்து ஓர் ஆண்டு ஆராயப் பழக்கியது. அந்தப் பயிற்சியின் வலிமையைக் கௌலா பந்தரில் பார்க்கலாம். ரே ரோடு அருகே துறைமுகத்துக்குச் சொந்தமான நிலத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் குடியிருப்பு. அங்கே ஆய்வு நடந்த காலத்தில் அரசுப் பட்டியலில் அது குடிசைப் பகுதியே அல்ல, எனவே குழாய் இல்லை. தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். அப்போதைய மாநகராட்சிக் கட்டணம் 1,000 லிட்டருக்கு 2.25 ரூபாய். அங்கே மக்கள் கொடுத்தது அதைப்போல் 52 முதல் 206 மடங்கு. அப்படிக் கொடுத்தும் 100-க்கு 95 வீடுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் குடியிருப்பின் இளைஞர்களும் சேர்ந்து திரட்டிய இந்தக் கணக்கு 2013-ல் பொதுச் சுகாதார ஆய்விதழில் வந்தது. தாராவிக்கு வரும் ஆய்வாளர் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால், குடிசை ஆராய்ச்சியின் வரைபடமே மாறும்.

செம்பூரை ஒட்டிய தேவனாரில் இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன: 1936-ல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1956-ல் தொடங்கிய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். நாட்டின் குடும்ப நலக் கணக்கெடுப்பு இரண்டாவதன் பொறுப்பில்தான் நடக்கிறது. நடக்கும் தூரத்தில் எண்ணப்படுபவர்கள் இருக்கிறார்கள். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஓர் ஆய்வின் முடிவைத் தமிழிலும் மராத்தியிலும் உருதுவிலும் நாலு பக்கம் எழுதி, ஆய்வு நடந்த சந்தில் வாசித்துக் காட்டுவது பெரிய செலவல்ல. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் கையெழுத்துப் படிவத்தைக் கேட்பது போல இதையும் கேட்டால் நடந்துவிடும்.

2024 மார்ச்சில் தாராவியில் மறுபடி கணக்கெடுப்பு தொடங்கியது. இம்முறை மறுசீரமைப்புத் திட்டத்துக்காக. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி எண் கொடுத்து, அளந்து, காகிதம் சரிபார்த்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகக் காட்ட முடிந்தால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்பவருக்கும் பின்னால் வந்தவருக்கும் வேறு விதி, வேறு இடம். ஒரு குடும்பம் எங்கே வாழும் என்பதை ஒரு கட்டத்தில் போடும் குறி தீர்மானிக்கிறது. கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கையில் தகரப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்து நீட்டப்பட்ட காகிதங்களில் மின் கட்டண ரசீது இருந்தது, வாக்காளர் பட்டியலின் நகல் இருந்தது. சில வீடுகளில், மூலை மடங்கி, படம் மங்கிய 1976-ஆம் ஆண்டின் போட்டோ பாஸும் இருந்தது.