சிரிப்பின் வழியே ரக்பி: நகைச்சுவை வழிகாட்டிகளின் நிறையும் குறையும்

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதலாவது ரக்பி பிரீமியர் லீக்கில் பெங்களூரு பிரேவ்ஹார்ட்ஸ் அணி களமிறங்கியதால், கிரிக்கெட்டிலும் கபடியிலும் ஊறிய அந்நகரத்து ரசிகருக்கு ரக்பியை முதலிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை எழுந்துள்ளது. விதிகள் மலிந்த இந்த ஆட்டத்தை வேடிக்கையாக அறிமுகப்படுத்துவது ஆங்கிலத்தில் நெடுநாள் வழக்கம். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸ், 1930இல் வெளிவந்த ஜீவ்ஸ் கதையொன்றில், ஆட்டத்தை அரைகுறையாக அறிந்த கதைசொல்லி பெர்ட்டி வூஸ்டரின் வாயாலேயே அதை விளக்க வைத்தார். டல்விச் பள்ளி அணியில் தாமே ஆடிய வுட்ஹவுஸுக்கு எந்த விதியின்மேல் கேலியை ஏற்றலாம் என்பது தெரிந்திருந்தது; அந்த அறிவு இல்லாமல் கேலியை மட்டும் கைக்கொள்வோரிடம்தான் இந்த வடிவம் நீர்த்துப்போகிறது.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. ஆயினும் அதை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்று தரையில் பதித்தால்தான் 5 புள்ளிகள் தரும் ‘டிரை’ கிடைக்கும். பின்னால் கொடுத்துக்கொண்டே முன்னேற வேண்டிய இந்த முரணைச் சொல்லிச் சிரிக்க வைக்கும்போது, சிரிப்பு விதியிலிருந்தே பிறப்பதால், விதியும் மனத்தில் தங்கிவிடுகிறது. இந்த வகை எழுத்தின் உண்மையான பலம் இதுவே.

ஆனால், ஆட்டக்காரர்கள் குவியலாக விழுவதை ‘கபடியில் பந்தைச் சேர்த்தது போல’ என்று சொல்லிக் கடப்பது பாதி உதவி, பாதி இடையூறு. கபடியில் பிடிபட்ட ரெய்டர் நடுக்கோட்டைத் தொடாவிட்டால் அந்த ரெய்டு அத்துடன் முடிந்தது. ரக்பியிலோ ஆட்டத்தின் நுட்பமே அங்குதான் தொடங்குகிறது: வீழ்த்தப்பட்டவர் பந்தை உடனே விட்டுவிட வேண்டும், வீழ்த்தியவர் அவரை விட்டு விலக வேண்டும், இரு அணியினரும் தத்தம் பக்கத்திலிருந்து வந்து, காலூன்றி நின்றபடி, தரையிலுள்ள பந்துக்காக ஒருவரையொருவர் தள்ள வேண்டும். ‘ரக்’ எனப்படும் இந்தப் போட்டியை வெறும் தள்ளுமுள்ளாகக் காட்டும் எழுத்து, நடுவர் ஊதுவதற்கான காரணத்தையே மறைத்துவிடுகிறது.

ஆங்கிலத்திலிருந்து இரவல் வாங்கிய வேடிக்கையில் இன்னொரு கோளாறும் உண்டு. எட்டு எட்டுப் பேர் பிணைந்து தள்ளும் ‘ஸ்க்ரம்’ பற்றிய கேலியெல்லாம் பதினைவர் ஆட்டத்துக்கு உரியது. பெங்களூரு அணி ஆடுவதோ எழுவர் ஆட்டம், அதில் பக்கத்துக்கு மூவரே பிணைகின்றனர்.

எலும்பு முறிவை நகைப்புக்குரியதாக்குவது இவை எல்லாவற்றினும் பெரிய குறை. காயம் விளைவிக்கும் ஆட்டத்தை விதிகளே தண்டிக்கின்றன: எதிராளியைத் தோளுக்கு மேல் பிடிப்பது விதிமீறல். அதற்காக மஞ்சள் அட்டை காட்டப்பட்டால், எழுவர் ஆட்டத்தில் அப்படிப் பிடித்தவர் 2 நிமிடம் வெளியே நிற்க வேண்டும். எஞ்சிய அறுவர் அகன்ற மைதானம் முழுவதையும் காக்கத் திணறும் அந்த 2 நிமிடத்துக்குள் ஆட்டமே கைமாறிவிடக்கூடும். ரக்பி என்றாலே அடிதடி என்று படித்துப் பழகியவருக்கோ அந்த ஆட்டக்காரர் ஏன் வெளியேற்றப்பட்டார் என்பதே விளங்காது.