கடன் வாங்கிய இசையும் கடன் வாங்காத செவியும்

ஒரு பாட்டு உலகெங்கும் விலைபோனது என்பதனால் மட்டும் அது உயர்ந்ததும் ஆகாது, தாழ்ந்ததும் ஆகாது. எவருடைய துயரை எவருடைய காதிற் சேர்த்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து, 1986இல் தாயுடன் அகதியாக இலண்டன் சென்றவர் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் பாடிய 'பேப்பர் பிளேன்ஸ்', 2007இல் வெளிவந்த 'கலா' தொகுப்பிலிருந்து 2008இல் தனிப்பாட்டாக வெளியிடப்பட்டு, அமெரிக்காவின் பிரதான பாடல் வரிசையில் 4ஆம் இடத்தை எட்டியது. அதன் அடிநாதமான கிற்றார் இசை, 'த கிளாஷ்' என்னும் ஆங்கில றொக் குழு 1982இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டுக்குரியது. அக்குழுவினரும் ஆக்கியோராகப் பெயர் குறிக்கப்பட்டுள்ளமை நேர்மையான செயல்.

அமெரிக்க விசா பெறுவதிற் பட்ட இடர்ப்பாடே இப்பாட்டின் பிறப்பிடம். குடிபெயர்ந்து வருபவன் கொள்ளையிடவே வருகிறான் என்ற அவதூற்றை, அவதூறு செய்வோரின் முகத்திற்கே திருப்பிச் சிரிக்கிறது அது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கிறது. கடையின் காசுப்பெட்டி திறந்து ஒலிக்கிறது. கேட்பவன் தன் அச்சத்தையே இசையாகக் கேட்கிறான். இது கூர்மையான கலை. எம்.ரி.வி. தொலைக்காட்சி அவ்வெடியோசையை அகற்றியே ஒளிபரப்பியது. வெடியின் ஓசைதான் அதனை உறுத்தியதேயன்றி, விசா வரிசையில் நிற்கும் மனிதனின் நிலையன்று!

ஆயினும் எமக்கும் ஓர் உறுத்தல் உண்டு. அது வேறு வகையினது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்டனர். அவ்வோசையை அறிந்த இக்கரையோரத்தில், வெடியொலி தாளக்கட்டாக இனிப்பதில்லை. உலகம் கேட்ட ஈழத்துத் துயர்க்கதையில் எமது மக்களுக்கு இடம் மிகக் குறைவாகவே கிடைத்தது.

இதற்காக அப்பாட்டை நாம் தள்ளிவிடவேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே பாட்டு எல்லாத் துயரையும் சுமக்கவேண்டும் என்பது விமர்சனமாகாது. ஆனால் ஒப்பிட்டு நோக்குதல் தகும். கிளாஷ் குழுவினரின் பாட்டு, தம் நாட்டு உருக்காலைத் தொழிலாளரின் வீழ்ச்சியோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கப் படையினர் வியட்நாமில் விட்டுச்சென்ற குழந்தைகளின் ஏக்கத்திற்கும் செவிகொடுத்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' அந்த இசையைக் கடன் வாங்கியது. பிறர் துயர்க்குத் திறந்த அந்தச் செவியைக் கடன் வாங்கவில்லை. அதன் சிரிப்பு தன் காயத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது.

இதே அளவுகோல் எமக்கும் உரியது. கல்முனைக்குடி தந்த எம்.ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழிற் கொணர்ந்தபோது, அந்தச் செவி இங்கும் உண்டென்பதை மெய்ப்பித்தார். ஆனால் வளைகுடாவிற்குப் பணிப்பெண்ணாகச் சென்ற எமது சகோதரியின் விசாவைப் பற்றி நாம் எத்தனை பாட்டு எழுதினோம்? அவள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீட்டைப் புகழ்கிறோம். அவள் சிந்திய கண்ணீரைக் கவியில் ஏற்றத் தயங்குகிறோம். வயல்வெளியிலும் கடற்கரையிலும் பிரிவைக் கவியாகப் பாடிய பெண்களின் மண் இது. அப்பாட்டின் அடுத்த அடியை, விமானநிலையத்தில் நிற்கும் அவர்களின் பேத்திகளே தொடரவேண்டும். அதைக் கேட்கும் செவியை இன்றே ஆயத்தப்படுத்துவது எமது கடமை.