திறந்த மூலக் கைபேசி இயங்குதளங்களும் அவற்றின் அறிமுகமும்: ஒரு திறனாய்வு

கைபேசியின் எல்லாச் செயலிகளையும் தாங்கி நிற்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் இருந்தால் அது திறந்த மூல இயங்குதளம் எனப்படும். இவை இந்தியாவில் வேரூன்றாமல் போனதற்குத் தொழில்நுட்பக் குறை மட்டுமே காரணமன்று. அவை மக்களுக்கு எடுத்துரைக்கப்பட்ட முறையும் ஒரு காரணம்.

பயர்பாக்ஸ் ஓஎஸ்: விலை முன்னே வந்தது

மொசில்லாவின் பயர்பாக்ஸ் ஓஎஸ், 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கிளவுட் எப்எக்ஸ் கைபேசியுடன் இந்தியாவுக்கு வந்தது. விலை 1,999 ரூபாய். அந்த விலையே செய்தித் தலைப்பாயிற்று. 128 எம்பி நினைவகம், 2ஜி இணைப்பு ஆகிய வரம்புகள் பின்னுக்குப் போயின. வாட்ஸ்அப்பின் அதிகாரபூர்வச் செயலியும் அதில் இல்லை. ஆண்டிராய்டு போல இருக்கும் என்று எண்ணி வாங்கியவர் ஏமாந்தது இயல்பே. தமிழுக்கு ஆதரவு தந்தது இத்தளத்தின் உண்மையான வலிமை. அதுவோ விலைப் பேச்சில் அடங்கிப்போனது. 2015 டிசம்பரில் மொசில்லா கைபேசி முயற்சியைக் கைவிட்டது. எனினும் மூலநிரல் திறந்திருந்ததால் அது அழியவில்லை. அதிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ், 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனில் மறுவாழ்வு பெற்றது.

பாரோஸ்: சுதேசி முன்னே வந்தது

சென்னை ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அறக்கட்டளையில் வளர்க்கப்பட்ட ஜேஅண்ட்கேஆப்ஸ் நிறுவனம் உருவாக்கிய பாரோஸ், 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மத்திய அமைச்சர்கள் அதைச் சோதித்துக் காட்டினர். தேவையற்ற செயலிகளை முன்கூட்டியே திணிக்காதது அதன் பாராட்டத்தக்க கொள்கை. ஆனால் பெரிதாக ஒலித்தது ‘சுதேசி’ என்னும் சொல். பாரோஸ் ஆண்டிராய்டின் திறந்த மூலத் திட்டத்தின் மீது கட்டப்பட்டது என்று தெரிந்ததும், இதில் சுதேசி எது என்ற கேள்வி எழுந்தது. பிறர் திறந்து வைத்த நிரலை எடுத்து வளர்ப்பது குற்றமன்று. திறந்த மூலத்தின் நோக்கமே அதுதான். எதை எடுத்தோம், எதைச் சேர்த்தோம் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் கேள்விக்கே இடமிருந்திராது. எந்தெந்தக் கைபேசிகளில் இயங்கும், பொதுமக்களுக்கு எப்போது கிடைக்கும் என்பவையும் அன்று தெளிவாக்கப்படவில்லை.

லினேஜ்ஓஎஸ்: பட்டியல் பேசுகிறது

சயனோஜென்மாட் நின்றபின் 2016 டிசம்பரில் தன்னார்வலர்கள் தொடங்கிய லினேஜ்ஓஎஸ், அமைச்சரோ விளம்பரமோ இன்றிப் பரவியது. அதன் இணையதளத்தில் ஆதரவுள்ள கைபேசிகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறுவல் வழிகாட்டியும் உள்ளன. மூலநிரல் எவர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. நிறுவும்போது பழைய தரவுகள் அழியும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இதன் குறை வேறு: கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் பழகியவருக்காகவே அவ்வழிகாட்டிகள் எழுதப்பட்டுள்ளன.

காரியாபட்டியில் நின்று பார்த்தால்

விருதுநகர் மாவட்டத்தில் மதுரை–அருப்புக்கோட்டை சாலையில் உள்ள காரியாபட்டி போன்ற பேரூராட்சியில், பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைபேசிகள் பல வீடுகளில் இருக்கும். புதியது வாங்க இயலாதவருக்குத் திறந்த மூல இயங்குதளம் உண்மையிலேயே உதவக்கூடும். ஆனால் அவர் கேட்பது நாட்டுப்பற்று முழக்கத்தையன்று. ‘என் கைபேசியில் இது ஏறுமா? தமிழில் இருக்குமா? என் படங்கள் போய்விடுமா? பணம் அனுப்பும் செயலி வேலை செய்யுமா? பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றலாமா?’ என்பவையே அவர் கேள்விகள். நான்காவது கேள்வி முக்கியமானது. உற்பத்தியாளரின் பூட்டு திறக்கப்பட்ட கைபேசியில் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. இதை மறைத்து நிறுவச் செய்தால், அன்றாடக் கொடுக்கல் வாங்கலே முடங்கும்.

இதே மாவட்டத்தின் சிவகாசியில் அச்சாகும் பட்டாசுப் பெட்டியின் படம் கண்ணைப் பறிக்கும். ஆனால் கொளுத்துபவரின் கையைக் காப்பது பயன்படுத்தும் முறையைச் சொல்லும் சிறு எழுத்துகளே. இயங்குதளத்தின் அறிமுகப் பக்கத்தைச் சீரமைப்பது என்பது வண்ணத்தையும் சின்னத்தையும் மாற்றுவதோடு முடிவதன்று. மேற்சொன்ன ஐந்து கேள்விகளின் விடைகளைத் தமிழில், பெரிய எழுத்தில், முதலில் வைப்பதே சீரமைப்பு. எதற்கேனும் ‘இல்லை’ என்பது விடையானால், அதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.